எஞ்சின் நின்றால் சூரை என்று அர்த்தம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் சம்பந்தி கைகூப்பி வணங்கி, பிறகு கூப்பிய கைகளில் ஒன்றைப் பிரித்துப் பேனாவை எடுத்து எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் யாவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மரக்கடையும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். மேற்படி வாக்கியத்தில் ‘யாவரும்’ என்பது பழக்கதோஷத்தால் விழுந்துவிட்டது. கடிதம் என்றால் கை தானாகவே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நானும் என் மகளும் நலம். உங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமானவர் நலமா என்பது இதை எழுதும் நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. அவர் படகில் எஞ்சின் நின்றுபோய், தெற்குப் பாறைத்திட்டுக்குப் பக்கத்தில், ஆறு ஆட்களோடு மிதந்துகொண்டிருக்கிறார். தாங்கள் பதற வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து இங்கே நான் பதறிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் இங்கிருந்து கத்த, நீங்கள் அங்கிருந்து ‘என்னது, மூழ்கிடுச்சா’ என்று திருப்பிக் கத்த, சமையலறையிலிருந்து சம்பந்தியம்மாள் ஓடிவர, கடலில் ஆவதற்கு முன்னால் உங்கள் கூடத்தில் ஒரு விபத்து ஆகிவிடும். அதனால் இன்று மாலை உங்கள் ஊர் வழியாகப் போகும் மீன் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புவதற்காக இதை எழுதுகிறேன். சம்பந்தியம்மாளுக்கு முதல் வரியை மட்டும் படித்துக் காட்டவும்.

நான் உட்கார்ந்திருப்பது படகுச் சங்கத்தின் வயர்லெஸ் அறை. ஒரு மேஜை, மேஜைமேல் வயர்லெஸ் பெட்டி, சுவரில் உப்புக் காற்றில் அரித்துப்போன ஒரு கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே ஏலத்தளம், அதற்கு வெளியே கடல். என் மகள் பெட்டிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. நான் ஏதாவது பேசினால் ‘உஸ்’ என்கிறாள். பேசாமலும் என்னால் இருக்க முடியவில்லை. எழுதினால்தான் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் நீண்டுபோனால் மன்னிக்கவும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இந்தத் தொழிலின் லட்சணத்தைத் தங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தாங்கள் மரம் அறுக்கிறவர். மரம் முளைத்த இடத்தில் நிற்கும், யார் வந்து பார்த்தாலும் அங்கேயேதான் நிற்கும். மீன் அப்படி இல்லை. இன்று இங்கே, நாளை எங்கே என்று அதற்கே தெரியாது. இந்த நாட்டுக் கடல்தொழில் முழுவதும் நாலைந்து மீன்களின் முதுகில்தான் ஓடுகிறது. அளவில் மத்திதான் அதிகம்; பாதி டின்னுக்குள் போகிறது, மீதியை எண்ணெய் பிழிந்து சக்கையைக் கோழிக்குப் போடுகிறார்கள். நெத்திலியைக் கரையிலேயே காயப்போடுகிறார்கள். அது காயும்போது துறைமுகத்தில் யாரும் ஜன்னல் திறப்பதில்லை. இறாலும் கணவாயும் ஐஸ் பெட்டியில் ஏறி, நாம் முகம் பார்த்திராத தேசத்து ஆட்கள் சாப்பிடுவதற்காகக் கப்பலில் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே சூரை. சூரை என்ற வார்த்தையை மட்டும் இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஒரு கூட்டம் சூரையைக் கண்டுவிட்ட படகுக்கு அந்த வருஷம் கவலையில்லை. மேடையில் ஏறி ‘ஏற்றுமதி’ என்று முழங்குகிற மந்திரியின் மனசில் இருப்பதும் சூரைதான், வேறொன்றும் இல்லை.

இப்படிப்பட்ட மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் அடுத்தவனிடம் சொல்வானா? சொல்ல மாட்டான். சொல்லாமல் இருந்தாலாவது பரவாயில்லை. கரையில் இருக்கிற பெண்டாட்டிக்கும் ஐஸ்காரருக்கும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று தினமும் வயர்லெஸ்ஸில் பேசியாக வேண்டும். பேசுவதை எல்லாப் படகும் ஒட்டுக்கேட்கும். ஒவ்வொரு படகிலும் தான் பேச ஒரு பெட்டி, அடுத்தவன் பேசுவதைக் கேட்க இன்னொரு பெட்டி. கேட்டால் ‘சேச்சே, அடுத்தவன் பேச்சு நமக்கு எதுக்கு’ என்பார்கள். ஆகவே இங்கே கடலில் இருந்து பேசுகிறவர்கள் அத்தனை பேரும் பொய்தான் பேசுகிறார்கள். அதிலும் மீனுக்குத் தக்கபடி. மத்தி மாட்டினால் ‘சுமார்’ என்பார்கள். இறால் மாட்டினால் ‘வலை கிழிஞ்சிடுச்சு’. சூரைக் கூட்டமே சிக்கிவிட்டால் ‘எஞ்சின் நின்னுடுச்சு, கிழக்க மிதக்குறோம்’ என்பார்கள். ஆள் மேற்கே இருப்பான். இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நாம் வீட்டுக்கு வந்தவரிடம் ‘இப்பத்தான் சாப்பிட்டோம்’ என்று சொல்வதுபோல அதையும் ஒரு மரியாதையாக வைத்திருக்கிறார்கள். இந்த மரியாதையில் நம் மாப்பிள்ளைக்கு மிஞ்சிய ஆள் இந்தக் கரையில் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொல்வார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அந்த ஆயிரத்தையும் மாப்பிள்ளை இப்போது தவணை முறையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் சங்கதி தங்களுக்குத் தெரியும். எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை குத்தியவன். கிலோ என்றால் எனக்குக் கிலோதான். உங்கள் சம்பந்தியம்மாள், அதாவது என் வீட்டுக்காரி, உயிரோடு இருந்தபோது குழம்பு எப்படி என்று கேட்பாள். நான் உள்ளதைச் சொல்லிவிட்டு மறுவேளை பட்டினி கிடப்பேன். மகளோடு தங்க இங்கே வந்த முதல் வாரத்திலேயே பொழுது போகாமல் ஏலத்தளத்துத் தராசைச் சோதித்துப் பார்த்து, அது குறைவாகக் காட்டுகிறது என்று சத்தம்போட்டுச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எனக்கு இங்கே ‘படிக்கல்’, அதாவது எடைக்கல், என்று பெயர். நேரில் ஐயா, முதுகுக்குப் பின்னால் படிக்கல். ‘படிக்கல் பொய் சொல்லாது, ஆனா காலில் விழுந்தா வலிக்கும்’ என்று ஏலக்கார அம்மாள் சொல்லிச் சிரித்ததை என் காதாலேயே கேட்டேன்.

இன்று காலை ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் மகளுக்குத் துணையாக இந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி கரகரத்தது. மாப்பிள்ளையின் குரல். எஞ்சின் நின்றுவிட்டது, படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது, நங்கூரம் போட்டோம், கயிறு அறுந்துவிட்டது, நீரோட்டம் பாறைப் பக்கம் இழுக்கிறது, யாராவது வாருங்கள் என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். வயர்லெஸ்காரரைப் பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ‘ஐயா மாப்பிள்ளைக்கு எஞ்சின் நின்னுடுச்சாம்’ என்று ஏலத்தளத்துக்குச் சொன்னார். ஏலத்தளமே கைதட்டியது. ஐஸ்காரர் பெட்டிகளை ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார். என் மகளும் சிரித்தாள், சம்பந்தி. ‘இவர் எஞ்சின் நின்னுடுச்சுன்னு சொன்னா, ராத்திரி நாலு பேருக்குச் சேத்துச் சமைன்னு அர்த்தம்பா’ என்று எனக்கு விளக்கம் சொன்னாள். நான் ஒருவன்தான் நம்பினேன். அதற்கு என் அறிவு காரணமில்லை. யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்புவது என் சுபாவம், அவ்வளவுதான்.

நம்பியவன் சும்மா இருக்க முடியுமா? கடல் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்க ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு; என் முழங்காலைத் தாங்கள் அறிவீர்கள். அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, “ஐயா, உங்க மாப்பிள்ளைக்கு இந்த வருஷத்துல எத்தனை தடவை எஞ்சின் நின்னிருக்கு தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நாங்க அடிச்சுப் பிடிச்சுப் போனா, சூரையை ஏத்திக்கிட்டே ‘வாங்க சார், டீ சாப்பிடுங்க’ங்கிறாரு. புலி வருது புலி வருதுங்கிற கதைதான்” என்றார். இந்தத் தடவை புலி வந்துவிட்டது என்று நான் சொன்னேன். அப்படியே வந்திருந்தாலும் மீட்புப் படகு தண்ணீரில் இல்லை என்றார். அடுத்த வாரம் மந்திரி வந்து அதைத் திறந்து வைக்கப்போகிறாராம், அதற்காகக் கரையில் ஏற்றிப் பெயின்ட் அடிக்கிறார்களாம். ஓடிக்கொண்டிருந்த படகை எதற்குத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். பெயின்ட் புதுசு என்றார். போய்ப் பார்த்தேன், பளபளவென்று, தொட்டால் கையில் ஒட்டுகிற மாதிரி நிற்கிறது. ஒட்டியும் விட்டது. இந்தத் தாளின் ஓரத்தில் உள்ள ஆரஞ்சுக் கறை அதுதான்.

நான் திரும்பி வருவதற்குள் இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. யாரும் வராததைப் பார்த்து மாப்பிள்ளை மறுபடி பேசியிருக்கிறார். பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். “எல்லாரும் கேளுங்க. இங்க சூரை இருக்கு. தெற்குப் பாறைகிட்ட மலை மாதிரி இருக்கு. என்னால அள்ள முடியாது. எல்லாரும் வாங்க, வந்து அள்ளிக்குங்க” என்றாராம். அதற்குள் பாதிப் படகுகள் கடலுக்குக் கிளம்பியிருந்தன, மீதி கிளம்பத் தயாராக நின்றன. இதைக் கேட்டதும் அத்தனை பேரும் ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார்கள். இந்தக் கரையில் மாப்பிள்ளைக்கு நேர் போட்டி ஒரு படகுக்காரர் இருக்கிறார். அடுத்தவன் மீனை எட்டத்திலிருந்தே கண்டுவிடுவார் என்பதால் அவரைக் கழுகு என்று கூப்பிடுகிறார்கள். அவர்தான் தீர்ப்புச் சொன்னாராம்: “தெற்க மீன் இருக்குன்னு அவனே சொல்றான்னா, தெற்க ஒரு செதில்கூட இல்ல. எஞ்சினும் நல்லாத்தான் இருக்கு. ஆள் வடக்க நின்னு அள்ளிக்கிட்டு இருக்கான். விடுங்கடா வடக்க.” மொத்தத் துறைமுகமும் வடக்கே போய்விட்டது. நான் மூச்சிரைக்க வந்து படகுத்துறையில் நின்றபோது கயிறு கட்டும் குற்றிகள்தான் நின்றுகொண்டிருந்தன.

அறைக்குள் வந்தேன். என் மகள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். வயர்லெஸ்காரரைப் பிடித்து, “மீன் இருக்குன்னா சொன்னாரு? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கண்ணா. எல்லாரையும் வாங்கன்னா சொன்னாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஆமாம் என்றார். அவள் என் பக்கம் திரும்பி, “அப்பா, அவர் மீன் இருக்குன்னு என்கிட்டகூடச் சொன்னதில்லப்பா” என்றாள். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதுதான் முழுசாகப் பயந்தேன், சம்பந்தி. அதுவரை பயந்தது ஒரு பழக்கத்துக்குப் பயந்தது.

கருவியை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டோம். நெடுநேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல் வந்தது. பேட்டரி போகப்போகிறது என்றார். யாராவது வருகிறார்களா என்றார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், அதனால் நான் பேச வேண்டியதாயிற்று. எல்லாரும் வடக்கே போய்விட்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். என் நாக்குக்கு வேறு தெரியாது. “மாமா, நீங்களாவது நம்புறீங்களா?” என்றார். “நம்புறேன் மாப்பிள்ளை, முதல்லேர்ந்தே நம்புறேன்” என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பெட்டி செத்துவிட்டது. நான் சொன்னதில் அவர் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரிடம் நான் முகம்கொடுத்துப் பேசியதில்லை. பொய் பேசிப் பிழைக்கிறவர் என்று ஒரு இளப்பம் எனக்கு. அதை இன்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், தாங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

வடக்கே போன படகுகளைக் கூப்பிட்டு மன்றாடினேன். உண்மையிலேயே எஞ்சின் நின்றுவிட்டது, தெற்கே போங்கள், காலில் விழுகிறேன் என்றேன். ‘படிக்கல் ஐயா, உங்களையும் அவன் ஏமாத்திட்டான்’ என்று அனுதாபத்தோடு பதில் வந்தது. என் மகள் அழுதாள். ‘தங்கச்சி நல்லாத்தான் நடிக்குது’ என்று ஒருவர் பாராட்டினார். உண்மைக்கு இங்கே கடலில் கரைத்த பெருங்காயத்தின் மதிப்புதான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் காற்று எழும்பும் என்று அந்தப் பெட்டியே காலையில் சொல்லியிருந்தது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் பாறையில் மோத எவ்வளவு நேரமாகும் என்று வயர்லெஸ்காரரைக் கேட்டேன். இப்போது அவரும் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெற்கே பார்த்துவிட்டு வந்தார்.

அந்த நேரத்தில்தான் என் மண்டையில் ஒன்று உதித்தது. இந்தத் துறைமுகத்தில் சொன்னதை யாரும் நம்புவதில்லை, ஒட்டுக்கேட்டதைத்தான் நம்புகிறார்கள். நான் அவர்களிடம் பேசியதுதான் தப்பு. அவர்களிடம் பேசக் கூடாது. மாப்பிள்ளையிடம் பேச வேண்டும், அதுவும் ரகசியமாக. அவர் பெட்டி செத்திருந்தாலும் பரவாயில்லை, கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள். மகளிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயர்லெஸ்காரரைப் பார்த்தாள். வெளியாள் இப்படியெல்லாம் பேசினால் சங்கத்தில் தன் வேலை போய்விடும் என்று அவர் இழுத்தார். பிறகு, டீ குடித்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போய், கதவையும் சாத்திக்கொண்டார். அவருக்குக் கோடி புண்ணியம்.

மாப்பிள்ளையின் சேனலுக்கு என் மகளே திருப்பி வைத்தாள். இத்தனை வருஷத்தில் அறிந்து ஒரு பொய் சொன்னதில்லை. வியாபாரிகள் என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்கள், மேலதிகாரி மிரட்டிப் பார்த்தார், வளைந்து கொடுக்காதவன் நான். ஆனால் அந்தப் பெயர்தானே இப்போது கைவசம் இருக்கிறது? படிக்கல் பொய் சொல்லாது என்று அவர்களே நம்புகிறார்கள். இத்தனை நாள் சேர்த்து வைத்தது எதற்கு என்று நினைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கி, குரலைத் தாழ்த்திப் பேசினேன். “மாப்பிள்ளை, மாமா பேசுறேன். இந்த லைன்ல வேற யாருக்கும் கேக்காதுன்னு பொண்ணு சொன்னா, அதான் பேசுறேன். நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டோம். எல்லாரும் வடக்க போய்ட்டாங்க. தெற்குப் பாறைகிட்ட இருக்குற சூரையை நீங்க நிதானமா ஏத்துங்க. என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்க, அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு.” கடைசி வாக்கியம் நான் யோசித்து வைத்தது இல்லை, தானாக வந்தது. என் மகள் பொத்தானிலிருந்து என் விரலை எடுத்துவிட்டாள்.

வயர்லெஸ் பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. காலையிலிருந்து ஓயாமல் தொணதொணத்துக்கொண்டிருந்த அத்தனை படகும் வாயை மூடிக்கொண்டன. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது கழுகின் குரல் வந்தது: எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறது, நான் கரைக்குத் திரும்புகிறேன் என்றார். இன்னொருவர் டீசல் பத்தாது என்றார். மூன்றாமவருக்கு வயிற்றுவலி. ஒருவர் வீட்டில் விருந்தாளி வந்திருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றார். சம்பந்தி, ஒவ்வொரு பொய்யும் என் காதில் தேனாகப் பாய்ந்தது. வயர்லெஸ்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, “இத்தனை பொய் வந்தா, மொத்தப் பேரும் தெற்க திரும்பிட்டாங்கன்னு அர்த்தம்” என்றார். என் மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆனால் வடக்கே வெகுதூரம் போய்விட்டவர்கள். அங்கிருந்து தெற்குப் பாறைக்கு வருவதற்குள் காற்று வந்துவிடும். மேகம் இப்போது ஜன்னல் முழுக்க இருக்கிறது. படகுகள் எதுவும் பேசவில்லை; சூரையைத் திருடப் போகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள்? அதனால் யார் எங்கே வந்திருக்கிறார் என்றும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு செதில்கூட இல்லை, படகு மட்டும்தான் மிதக்கிறது என்று கண்டால், ஒருநாள் பிழைப்பைக் கெடுத்தவன் என்று என்னை இந்த ஜன்னல் கம்பியில் கட்டிவைப்பார்கள். கட்டட்டும். இவர்கள் வாயைத் திறந்தால் பொய் வரும்தான், ஆனால் மிதக்கிற மனுஷனை விட்டுவிட்டு வருகிற ஜாதி இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மகளிடம் சொல்ல முடியாது, அவள் என்னைப் பார்த்துத்தான் தைரியமாக இருக்கிறாள். நான் அவளைப் பார்த்துத்தான் தைரியமாக இருக்கிறேன்.

லாரிக்காரர் கீழே ஹார்ன் அடிக்கிறார். ஆகவே சுருக்கமாக என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இதில் மாற்றமில்லை. மாப்பிள்ளை நல்லபடியாகக் கரையேறினால், ஏறுவார், ஏறியே ஆக வேண்டும், அந்த நிமிஷமே ‘இனிமேல் கடலுக்குப் போக மாட்டேன்’ என்று என்னிடம் நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் என் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவேன். தாங்கள் மரக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அவருக்காக ஒரு நாற்காலியைப் போட்டு வையுங்கள், காற்றோட்டமான இடமாக. மரத்தைப் பற்றி என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், உயிருக்கு ஆபத்தில்லை. தாங்கள் உடனே கிளம்பி வரவும். அல்லது கிளம்ப வேண்டாம், சம்பந்தியம்மாளுக்குச் சந்தேகம் வரும். எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யவும். பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசி. தாங்களும் குடும்பமும் நோய்நொடியில்லாமல், தண்ணீர் பக்கமே போகாமல், நீடூழி வாழ இறைவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்த சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது மறுநாள் காலை. லாரி நேற்று போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். மாப்பிள்ளையும் ஆறு பேரும் கரையேறிவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, மற்றபடி முழுசாக இருக்கிறார்கள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் முதலில் போய்ச் சேர்ந்தது கழுகுதான். பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாம். மீனைத் திருட வந்த மனிதர், பார்த்த மாத்திரத்தில் கயிற்றை வீசியிருக்கிறார். அலையில் தன் படகுக்கும் அடிபடும் என்று யோசிக்கவே இல்லையாம். விடியும் நேரத்தில் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். மாப்பிள்ளையின் பெட்டியில் பேசத்தான் முடியவில்லையாம், கேட்க முடிந்திருக்கிறது. ‘சூரையை நிதானமா ஏத்துங்க’ என்று என் குரல் வந்ததும் ஆட்கள் எல்லாரும் ‘பாவம், பெரியவருக்குப் புத்தி கலங்கிடுச்சு’ என்று வருத்தப்பட்டார்களாம். இவர் மட்டும் பாறையைப் பார்த்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அடுத்து, சூரை இருந்தது. மலை மாதிரிதான் இருந்தது. அவர் சொன்னது அத்தனையும் சத்தியம்: எஞ்சினும் நின்றது, மீனும் இருந்தது. பின்னால் வந்து சேர்ந்த படகுகள் எல்லாம் கழுத்துவரை அள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன. ஏலத்தளத்தில் கால் வைக்க இடமில்லை. படகுகள் தெற்கே திரும்பிய செய்தி கேட்டு, சூரை வரும், எந்த லாரியையும் காலியாக வெளியே விட மாட்டோம் என்று நேற்று மாலையே பிடித்து வைத்துவிட்டார்கள், இந்தக் கடிதத்தையும் சேர்த்து. என்னைக் கண்டபோதெல்லாம் கும்பிடுகிறார்கள். படிக்கல் வாயிலிருந்து வந்தால் தப்பாது என்கிறார்கள். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய், அதுவும் உண்மையாகப் போய்விட்டது. இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

மாப்பிள்ளை படகிலிருந்து இறங்கியதும் நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, நாலு பேர் என்ன, நாற்பது பேர் முன்னால், “இனிமே கடலுக்குப் போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்த்து, “சத்தியமா போக மாட்டேன் மாமா” என்றார். ஏலத்தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. கழுகு உடனே ஐஸ்காரரிடம் போய், அவன் எந்த நாளுக்கு ஐஸ் சொல்லி வைத்திருக்கிறான் என்று விசாரித்தார். என் மகள் ஈரச் சட்டையை வாங்கிப் பிழிந்து, திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிடும் என்றாள். எனக்கும் புரிந்துவிட்டது. ஒரு எழுத்தைக்கூட நான் நம்பவில்லை, சம்பந்தி. “ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை, எனக்கு அது போதும்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கைகளை விட மனசு வராமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். நாற்காலி போட்டிருந்தால் எடுத்துவிடவும்.